கையில் டாட்டூ இருந்தால் நர்ஸ் வேலை கிடைக்காதா?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊர் பெயரும் கல்லூரிப் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். வயது 21. தஞ்சாவூரில் பி.எஸ்சி. நர்சிங் ஏழாவது செமஸ்டர் படிக்கிறார். இரண்டு வருஷம் முன்பு தோழிகளோடு வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனவர், கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு தற்காலிகக் கடையில் உட்கார்ந்து வலது முன்கையின் உட்புறம் டாட்டூ போட்டுக்கொண்டிருக்கிறார். மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரற்கடை நீளம். கறுப்பில் ஒரு இ.சி.ஜி. கோடு, நடுவில் ‘அம்மா’ என்ற எழுத்து, முடிவில் சிவப்பாக ஒரு குட்டி இதயம். படமும் அனுப்பியிருக்கிறார்.

முதல் வருஷம் யாரும் எதுவும் சொல்லவில்லையாம். இந்த வருஷம் வார்டு போஸ்டிங்கில் ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு, நரம்பில் மருந்து ஏற்றும் குழாய் ஊசியான வென்ஃப்ளான் போடப் போயிருக்கிறார். அவர் கையை இழுத்துக்கொண்டு, “வேற சிஸ்டரை வரச் சொல்லுங்க, இது ஊசி போடற கை மாதிரி இல்லை” என்றிருக்கிறார். வார்டு இன்சார்ஜ் அன்றைக்கே கூப்பிட்டு, நாளையிலிருந்து முழுக்கை போட்டுக்கொண்டு வா, இல்லாவிட்டால் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு தனியார் மருத்துவமனை ஹெச்.ஆர். அந்தக் கையைப் பார்த்துவிட்டு “இதை எடுத்துவிடுவீங்களா?” என்று கேட்டிருக்கிறார். அதே வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் கையில் பெரிய தேள் இருக்கிறது, அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அவருடைய ஆதங்கம்.

கடைசியில் கேள்விகளை வரிசையாக எழுதியிருக்கிறார். அரசு வேலை இனி கிடையாதா? வெளிநாடு போக முடியாதா? கும்பகோணத்தில் ஒரு பியூட்டி பார்லரில் ஒரே சிட்டிங்கில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள், போகலாமா? ஆன்லைனில் கிரீம் விற்கிறார்களே, அது சரிவருமா? கல்யாணம் தட்டிப்போகும் என்று வீட்டில் தினமும் சண்டை, என்ன செய்வது? இது தவிர, ரத்த தானம் பற்றிப் பின்குறிப்பாக ஒரு வரி.

அன்புள்ள மகளுக்கு,

முதலில் படத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கையில் இருக்கும் இ.சி.ஜி.யில், ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் வர வேண்டிய சின்ன மேடான ‘பி’ அலையே இல்லை. கியூ.ஆர்.எஸ். என்ற கூர்முனை இரண்டு இருக்கிறது, ‘அம்மா’ வுக்குப் பிறகு கோடு நேராக ஓடி இதயத்தில் முடிகிறது. ஐ.சி.யூ. மானிட்டரில் இப்படி ஒரு கோடு ஓடினால் நீங்கள் அவசர சிகிச்சை வண்டியான கிராஷ் கார்ட்டைத் தள்ளிக்கொண்டு ஓடுவீர்கள். வரைந்தவருக்கு அது தெரிய நியாயமில்லை. உங்களோடு வேலை செய்யப்போகிறவர்களில் யாராவது ஒருவர் நிச்சயம் இதைச் சொல்லிக் கிண்டல் பண்ணுவார், அதற்குத் தயாராக இருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதம் முழுக்க ஒரு அவசரம் தெரிகிறது. அடுத்த இன்டர்வியூவுக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைக்கிறீர்கள். தோல் மருத்துவராக இத்தனை வருஷம் நான் பார்த்தவரையில், கையில் டாட்டூ இருந்ததால் கெட்டுப்போன வாழ்க்கை அபூர்வம். அதை அவசர அவசரமாக எடுக்கப் போய்க் கெட்டுப்போன தோல் நிறைய. எந்த வேலைக்குப் போகப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எடுப்பதா வேண்டாமா என்பது அதற்கப்புறம் வரும் கேள்வி.

அந்தப் பெரியவர் சொன்னது

அவர் சொன்னது உங்களைக் குத்தியிருக்கிறது. ஆனால் அவர் பச்சை குத்தியிருப்பதைப் பார்த்து அதிர்ச்சி அடைந்தார் என்று நான் நினைக்கவில்லை. டெல்டாவில் அறுபது, எழுபது வயதுப் பெண்களின் கையைப் பிடித்துப் பாருங்கள். நடவுக்குப் போன கைகளில் கோலமும் தேளும் புருஷன் பெயரும் இன்றைக்கும் நீலம் பாய்ந்து கிடக்கின்றன. என்னிடம் தோலில் வந்த படைக்குச் சிகிச்சைக்கு வரும் ஒரு பாட்டி, கையில் இருக்கும் கோலத்தைக் காட்டி, “நகை நட்டெல்லாம் கழட்டிக்கிடுவானுங்க, இது ஒண்ணுதான் என்கூட வரும்” என்பார். உங்கள் நோயாளியின் வீட்டிலும் அப்படி ஒரு கை இருந்திருக்கும். பச்சை அவருக்குப் பழகின விஷயம். வெள்ளை யூனிஃபார்முக்குக் கீழே அதைப் பார்த்ததுதான் பழக்கமில்லாதது. அவர் மனதில் நர்ஸ் என்றால் ஒரு உருவம் இருக்கிறது, அதில் டாட்டூ கிடையாது.

அதோடு, வென்ஃப்ளான் என்பது ஊசி. படிக்கிற பிள்ளை என்று தெரிந்தால் பாதிப் பேர் கையை இழுத்துக்கொள்வார்கள். பயத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கும்போது கண்ணில் படும் வேறு எதையாவது காரணமாகச் சொல்வது மனித இயல்பு. அன்று உங்கள் கையில் டாட்டூ இருந்தது. இல்லாதிருந்தால் “சின்னப் பிள்ளையா இருக்கே” என்றிருப்பார்.

நோயாளிகள் டாட்டூவை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், டாட்டூ உள்ள, இல்லாத ஊழியர்களின் புகைப்படங்களை நோயாளிகளிடம் காட்டிக் கேட்டார்கள். டாட்டூ உள்ள பெண் ஊழியர்களுக்கு, அதேபோல் டாட்டூ உள்ள ஆண் ஊழியர்களைவிடக் குறைந்த மதிப்பெண் கிடைத்தது. உங்கள் வகுப்புப் பையனின் தேளை யாரும் கேட்காததற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. உங்கள் ஆதங்கம் நியாயமானது, அது உங்கள் கற்பனை இல்லை.

ஆனால் 2018இல் பென்சில்வேனியாவில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். ஏழு மருத்துவர்கள் சில நாள் ஒட்டும் டாட்டூவோடும், சில நாள் காது மூக்கில் போலி வளையங்களோடும், சில நாள் எதுவும் இல்லாமலும் வேலை பார்த்தார்கள். சிகிச்சை முடிந்தபின் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம், எதற்கு என்று சொல்லாமல், டாக்டர் எப்படி என்று கேட்டார்கள். திறமை, கண்ணியம், நம்பிக்கை எதிலும் வித்தியாசமே வரவில்லை. படத்தைக் காட்டினால் ஒரு பதில், நேரில் கவனித்துக்கொண்டால் வேறு பதில். அமெரிக்க நோயாளிகள் சொன்னது ஒரத்தநாட்டுப் பெரியவருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே பார்த்தது மருத்துவர்களை, நர்ஸ்களை இல்லை. இருந்தாலும், உங்களை முதல் நிமிஷத்தில் எடை போடுகிறவர் பத்தாவது நிமிஷத்திலும் அதே எடையில் நிற்கமாட்டார் என்பதை எங்கள் ஓ.பி.யிலும் தினம் பார்க்கிறேன்.

அடுத்த முறை இப்படி நடந்தால் கோபித்துக்கொண்டு நகர வேண்டாம், விளக்கம் சொல்லிக்கொண்டும் நிற்க வேண்டாம். “அம்மா பேரு தாத்தா, அதான் எழுதியிருக்கேன்” என்று ஒரு வரி சொல்லிவிட்டு நரம்பைத் தேடுங்கள். அதற்கும் மறுத்தால் அது அவர் உரிமை. சீனியரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

முழுக்கையும் பேண்டேஜும் வேண்டவே வேண்டாம்

உங்கள் வார்டு இன்சார்ஜ் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் இதில் நான் அவரோடு உடன்பட முடியாது. நீங்களும் இதைத் தீர்வு என்று எடுத்துக்கொண்டு, முழுக்கை கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது.

கை கழுவுவது விரல் நுனியோடு முடிவதில்லை, மணிக்கட்டையும் சேர்த்துக் கழுவ வேண்டும் என்று முதல் வருஷமே படித்திருப்பீர்கள். முழுக்கை போட்டிருந்தால் மணிக்கட்டு நனையாது. அந்தச் சட்டைக் கையின் ஓரம் ஒரு நோயாளியின் புண்ணில் பட்டு, அடுத்தவரின் படுக்கையில் படும், டிரிப் செட்டில் படும். இங்கிலாந்தில் 2007லேயே, நோயாளியைத் தொடுகிறவர்கள் முழங்கைக்குக் கீழே வெறுங்கையாக இருக்க வேண்டும், வாட்ச், வளையல், முழுக்கை எதுவும் கூடாது என்று கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் டாட்டூ இருப்பது சரியாக அந்த இடத்தில். அதை மறைத்தால் கண்ணுக்கு அழகாக இருக்கலாம், நோயாளிக்குக் கிருமி போகும்.

பேண்டேஜ் அதைவிட மோசம். காயம் இல்லாத இடத்தில் நாள் முழுக்கக் கட்டு இருந்தால் ஈரம் சேரும், தோல் ஊறும். பார்க்கிற நோயாளிக்கும், “இந்தப் பொண்ணுக்கே கையில புண்ணு” என்று தோன்றும். டாட்டூவைவிட அது பெரிய சந்தேகம். மறைப்பதற்கு மேக்கப் கிரீம்கள் இருக்கின்றன. கல்யாண வீட்டுக்கு அவை போதும். ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும் கை கழுவுகிற வேலையில் அரை நாள்கூட நிற்காது. அப்புறம், மேலே கறுப்பு மெகந்தி போட்டு மறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதில் தலைச்சாயத்தில் இருக்கும் பி.பி.டி. என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள். கொப்புளம் கிளம்பி, மெகந்தி போட்ட வடிவத்திலேயே தழும்பாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வார்டு இன்சார்ஜிடம் சண்டை போட வேண்டாம். “மேடம், முழுக்கை போட்டால் ஹேண்ட் ஹைஜீன் கெட்டுவிடுமே, இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்” என்று மரியாதையாகக் கேளுங்கள். முடிவை அவர்களுக்குள் எடுத்துக்கொள்வார்கள். இன்டர்வியூ வேறு கதை. அங்கே நீங்கள் யாரையும் தொடப்போவதில்லை. முழுக்கைச் சுடிதார் போட்டுக்கொண்டு போங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. கேட்டால் மட்டும் இருப்பதை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். வேலையில் சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் எப்படியும் தெரிந்துவிடும். அந்தச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுத இடம் இருக்கும். மச்சத்தைத் தேடுகிற டாக்டருக்கு உங்கள் கை வேலையை மிச்சப்படுத்தும்.

எந்த வேலைக்கு எந்த விதி

“அரசு வேலை இனி இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். இதை யார் சொன்னார்கள்? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நர்ஸ்களை எடுக்கும்போது பார்ப்பது படிப்பு, தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில் பதிவு, வயது, மதிப்பெண், உடற்தகுதி. டாட்டூ ஒரு நோய் இல்லை, உடற்குறையும் இல்லை. ஒவ்வொரு முறையும் அறிவிக்கையை முழுக்கப் படியுங்கள், பக்கத்து வீட்டார் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஒரு சின்ன விஷயம், சிரிக்காமல் கேளுங்கள். நம் ஊரில் கையில் ‘அம்மா’ என்று எழுதியிருந்தால் பெற்ற தாயைத்தான் குறிக்கிறது என்று எல்லாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கட்சிக்காரர்கள் அந்தப் பெயரைக் கையில் குத்திக்கொண்ட காலத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அரசு ஊழியர் கட்சி சார்பு காட்டக் கூடாது என்று 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் சொல்கின்றன. உங்கள் இ.சி.ஜி. கோடும் இதயமும் அதைக் கட்சிச் சின்னம் ஆக்கிவிடாது. யாராவது குறும்பாகக் கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சீருடைப் பணி என்றால் விதி எழுத்திலேயே இருக்கிறது. ராணுவத்தில், ராணுவ நர்சிங் சேவை உட்பட, முன்கையின் உட்புறமும் புறங்கையும் அனுமதிக்கப்பட்ட இடங்கள். உங்களுடையது உட்புறம், எனவே இடம் சரி. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படைகளின் மருத்துவமனை வேலைக்குப் போனால் முன்கையில் இடது கை மட்டும், அதுவும் அந்தப் பகுதியில் கால் பங்குக்கும் குறைவாக. சல்யூட் அடிக்கிற வலது கை கூடாது. உங்களுடையது வலது. அதே டாட்டூ ஒரு வாசலில் பாஸ், அடுத்த வாசலில் ஃபெயில். இந்த மாதிரி நிராகரிப்பை எதிர்த்து உயர் நீதிமன்றங்களுக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் வேலைக்கு முன்னால் வழக்கு என்பது உங்களுக்கு வேண்டாத தலைவலி.

வளைகுடா நாடுகள்தான் உண்மையில் கடினமான இடம். அங்கே டாட்டூவை மதரீதியாகவே தவறாகப் பார்க்கிறார்கள். வெளியே தெரியும் டாட்டூ கூடாது என்று ஆள் எடுக்கும் விளம்பரத்திலேயே போட்டுவிடும் மருத்துவமனைகள் உண்டு. உங்கள் மனதில் சவுதி, குவைத் என்றால் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோவுக்கும், அங்கே நர்ஸாக வேலை செய்யத் தகுதி பார்க்கும் ப்ரோமெட்ரிக் தேர்வுக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நம் அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். “பார்த்துக்கலாம் சிஸ்டர்” என்று சொல்லும் ஏஜென்ட்டை நம்பி நிலத்தை அடகு வைக்க வேண்டாம். இங்கிலாந்து பக்கம் இவ்வளவு சிரமம் இல்லை. முழங்கைக்குக் கீழே மூட விடாதவர்கள் டாட்டூவையும் பெரிதாகக் கண்டுகொள்ள முடியாது. ஆபாசமாகவோ யாரையும் புண்படுத்துவதாகவோ இருந்தால் மட்டும்தான் பிரச்சினை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கே 2018இல் விதியைத் தளர்த்தி, ஊழியர்களின் டாட்டூ வெளியே தெரியலாம் என்று மாற்றிக்கொண்டது.

இங்கே உள்ள தனியார் மருத்துவமனைகள் அவரவர் இஷ்டம். நான் வக்கீல் இல்லை, ஆனாலும் இது தெரியும்: டாட்டூ இருப்பதற்காக ஒருவரை வேலைக்கு எடுக்காமல் விடக் கூடாது என்று தனியாருக்குச் சொல்லும் தனிச் சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. அந்த ஹெச்.ஆர். “எடுத்துவிடுவீங்களா?” என்றுதான் கேட்டிருக்கிறார், வேலை இல்லை என்று சொல்லவில்லை. அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். உடை, தோற்றம் பற்றிய உங்கள் விதிமுறையின் நகல் கிடைக்குமா, ஆண் பெண் இருவருக்கும் அது ஒன்றுதானா என்று இரண்டு வரி போதும். குற்றம்சாட்டும் தொனி வேண்டாம். பல இடங்களில் எழுத்தில் விதி என்று ஒன்று இருக்காது, அந்த அறையில் இருந்தவரின் ரசனை மட்டும்தான் இருக்கும். எழுத்தில் கேட்டால் அது தானாகவே இறங்கிவிடும். விதி இருந்து, அது கண்டிப்பாக இருந்தால், அந்த மருத்துவமனை உங்களுக்கு வேண்டுமா என்று நீங்களும் யோசிக்கலாம். திருச்சியிலும் தஞ்சாவூரிலும் நர்ஸ் கிடைக்காமல் திண்டாடும் மருத்துவமனைகள் இருக்கின்றன.

எடுப்பதென்றால்

இனி என் துறைக்கு வருகிறேன். டாட்டூ மை தோலின் மேல் படலத்தில் இல்லை. அதற்கு அடியில் உள்ள டெர்மிஸில், மையை விழுங்கிய அணுக்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. மேலே பூசுகிற எந்தக் கிரீமும் அவ்வளவு ஆழம் போகாது. போகிற அளவுக்கு அமிலம் உள்ள கிரீம் என்றால் மையோடு தோலையும் சேர்த்து எரித்துவிடும். உப்பு வைத்துத் தேய்ப்பதும் அதே வகைதான். கையில் ‘அம்மா’ இருந்த இடத்தில் புடைத்த தழும்பு வந்தால் அதை அடையாளமே இல்லாமல் எடுக்க எங்களிடம் லேசர் கிடையாது.

ஒழுங்கான வழி க்யூ-ஸ்விட்ச்டு என்டி-யாக் லேசர், அல்லது அதைவிடப் புதிய பைக்கோ லேசர். ஒளி, மையைப் பொடியாக உடைக்கும், உடம்பு அந்தப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றும். அதனால்தான் இது ஒரே சிட்டிங்கில் முடியாது, எந்தக் கொம்பனாலும் முடிக்க முடியாது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு எட்டு அமர்வுகள், சிலருக்கு அதற்கும் மேல். உங்களுக்கு ஒரு வருஷம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு மை நன்றாகப் போகும். அதற்கு 1064 நானோமீட்டர் அலைநீளம், நம் நிறத் தோலுக்கு ஓரளவு பாதுகாப்பானது. அந்தச் சிவப்பு இதயம்தான் தொந்தரவு. அதற்கு 532 வேண்டும், அந்த ஒளியை நம் தோலின் நிறமியும் இழுத்துக்கொள்ளும். இதயம் போன இடத்தில் இதய வடிவிலேயே ஒரு வெள்ளைத் திட்டு நிற்கலாம். பல நாளில் நிறம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். என்னைக் கேட்டால் கறுப்பை எடுத்துவிட்டு இதயத்தை அப்படியே விட்டுவிடச் சொல்வேன். அல்லது நேர்மாறாக எதையும் எடுக்காமல் இருக்கச் சொல்வேன்.

பார்லருக்குப் போகாதீர்கள். மெஷின் அங்கேயும் இருக்கலாம், கொப்புளம் வந்தால் பார்க்க ஆள் இருக்காது. முதலில் அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவில் போய்க் கேளுங்கள். தனியார் என்றால் தோல் மருத்துவரிடம், ஓரத்தில் ஒரு புள்ளியில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் சில ஆயிரங்கள் ஆகும், அதை அமர்வுகளால் பெருக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். வீட்டில் யாருக்காவது காது குத்திய இடத்தில் கெலாய்டு என்ற தடித்த தழும்பு வளர்ந்திருந்தால் மறக்காமல் சொல்ல வேண்டும். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சொல்ல வேண்டும். லேசருக்குப் பிறகு கொப்புளம் வரும், பொருக்கு கட்டும். திறந்த புண் உள்ள கையோடு வார்டில் நிற்கக் கூடாது, எனவே போஸ்டிங் ஓடுகிற காலத்தில் ஆரம்பிக்க வேண்டாம். இறுதித் தேர்வு முடியட்டும். சித்திரை வெயிலில் செய்து, அந்தக் கையோடு வயலுக்கும் போனால் கறுத்துவிடும். மழைக்காலமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளைகுடாதான் இலக்கு என்றால் எடுக்கத் தொடங்குங்கள். அரசு வேலை, உள்ளூர் மருத்துவமனை, இங்கிலாந்து என்றால் நான் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க மாட்டேன்.

நீங்கள் கேட்காமல் விட்டது

வேளாங்கண்ணிக் கடையில் புது ஊசியைப் பிரித்ததைப் பார்த்தீர்களா? மை ஊற்றிய குப்பி புதிதா, அல்லது முன்னால் போட்டவருக்கு ஊற்றியதிலேயே தொட்டுப் போட்டார்களா? தோழிகள் நான்கு பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை கிடைக்குமா என்ற கவலையைவிட எனக்கு இதுதான் கவலை. ஹெபடைட்டிஸ் பி, சி, ஹெச்.ஐ.வி. மூன்றும் இப்படிப் பரவக்கூடியவை. இரண்டு வருஷம் ஆகிவிட்டதால் ஒரே ஒரு பரிசோதனையிலேயே தெளிவான பதில் கிடைத்துவிடும், திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. ஹெச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசம், ரகசியமாக வைத்திருப்பார்கள். தோழிகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும், ஹெபடைட்டிஸ் சி இன்றைக்கு மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடுகிறது.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டாயிற்றா என்று பாருங்கள். கல்லூரியில் சேரும்போது முதல் ஊசி போட்டுவிட்டு, ஆறாவது மாத ஊசியை மறந்துவிடும் மாணவிகள் அதிகம். போட்டு முடித்திருந்தால் ஆன்ட்டிபாடி அளவு பத்துக்கு மேல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். ஊசி குத்தும் விபத்து உங்கள் தொழிலில் எப்போது வேண்டுமானாலும் நடக்கும்.

கல்யாணப் பேச்சைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். தன் பெயரை மகள் கையில் எழுதிக்கொண்டதற்காகத் திட்டும் அம்மாவின் கோபம் எவ்வளவு நாள் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். கையைப் பார்த்து வேண்டாம் என்று போகிற மாப்பிள்ளை வீட்டார், நைட் டியூட்டி என்றதும் எப்படியும் முகம் சுளிப்பார்கள். கல்யாணத்துக்காக லேசர் செய்துகொள்வதென்றால் முடிவு உங்களுடையதாக இருக்கட்டும், வீட்டார் மிரட்டியதற்காக வேண்டாம்.

பின்குறிப்புக்குப் பதில்: டாட்டூ போட்டவர்கள் ஆயுசுக்கும் ரத்தம் கொடுக்க முடியாது என்பது தவறு. போட்டுக்கொண்ட நாளிலிருந்து ஓராண்டு தள்ளிப்போடச் சொல்கிறார்கள், உங்களுக்கு அது முடிந்துவிட்டது. மேலே சொன்ன பரிசோதனைகள் சரியாக இருந்தால் அடுத்த முகாமில் தாராளமாகக் கொடுக்கலாம். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். நம் பெண்பிள்ளைகளை முகாமிலிருந்து திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இந்த 12.5க்காகத்தான், அதையும் சேர்த்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.